அரை மணி நேரத்தில் 2 கோடி ரூபாய்! சந்திர மண் அள்ளிய கல்லூரி மாணவர்

ஒரு பெரிய தொட்டி. தொட்டி நிறைய, சாம்பல் நிறத்தில் மண். மண்ணின் மேல் ஒரு எந்திரம்.

எந்திரத்தின் பக்கத்தில் ஆள் போகக் கூடாது. எட்ட இருந்தபடியே அதை ஓட்ட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் அது 150 கிலோ மண்ணைத் தோண்டி, ஒரு பெட்டியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டுகிறவர்களில் முதலாவதாக வருகிறவருக்கு 5 லட்சம் டாலர் பரிசு! அன்றைய கணக்குப்படி நம் பணத்தில் 2 கோடி ரூபாய்க்கு மேல்.

"இது ஒரு பிரமாதமா? எங்கள் வீடு கட்டும் இடத்தில் சித்தாள் அம்மாள் ஒருத்தியே அள்ளிக் கொட்டிவிடுவாளே!" என்று நீங்கள் கேட்கலாம்.

கொட்டிவிடுவாள். சந்தேகம் இல்லை. ஆனால், இது சந்திரனில் இருப்பது போன்ற மண். அள்ள வேண்டியதோ, சந்திரனுக்கு அனுப்பத் தக்க எடை குறைந்த எந்திரம். அங்கேதான் சங்கடம்!

யாருக்கும் கிடைக்காத பரிசு

அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையத்துக்கு 'நாசா' என்று பெயர். எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். 2007-ம் ஆண்டு கலிபோர்னியாவில் இந்தப் போட்டி முதல் தடவையாக நடந்தது. எந்திரங்கள் வந்தன. தோண்டின. திணறின. பரிசு யாருக்கும் இல்லை!

2008-ம் ஆண்டு மறுபடியும் போட்டி. அப்போதும் பரிசு யாருக்கும் இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் எந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

மொத்தப் பரிசுத் தொகை 7½ லட்சம் டாலராக ஏறி நின்றது.

2009-ம் ஆண்டு அக்டோபர் 17, 18 தேதிகளில் மூன்றாவது போட்டி. நடந்த இடம், கலிபோர்னியாவில் மோபெட் பீல்டு. நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடம் அது. இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் பெயர் கொடுத்தன. அவற்றில் ஒரு குழுவின் தலைவர், ஒரு கல்லூரி மாணவர். அவர் பெயர், பால் வென்டிமிலியா.

குண்டு வெடித்த கல்லூரி

பால் படித்த கல்லூரி, அமெரிக்காவின் கிழக்குக் கோடியில், மாசாசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்ற ஊரில் இருக்கிறது. 'வூஸ்டர் பாலிடெக்னிக்' என்று பெயர். 1865-ம் ஆண்டு தொடங்கப்பட்ட பழைய கல்லூரி.

இந்தக் கல்லூரிக்கும் சந்திரனுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1907-ம் ஆண்டு கல்லூரிக் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்து புகை குபுகுபு என்று வந்தது. உள்ளே ஒரு மாணவர் வெடிமருந்து ராக்கெட் விட்டுப் பார்த்திருக்கிறார்! கல்லூரி அதிகாரிகள் பதறி ஓடிவந்தார்கள். ஆனாலும் அந்த மாணவரைக் கல்லூரியை விட்டு நீக்கவில்லை. நல்ல காரியம் செய்தார்கள். அந்த மாணவர்தான் ராபர்ட் கோடார்டு. திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட்டை 1926-ம் ஆண்டு உலகிலேயே முதலாவதாகப் பறக்கவிட்டவர்.

"ராக்கெட் ஒருநாள் சந்திரனுக்குப் போகும்" என்று கோடார்டு சொன்னபோது, 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை 1920-ம் ஆண்டு அவரைக் கேலி செய்து எழுதியது. 1969-ம் ஆண்டு ஜூலை மாதம் மூன்று பேர் சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், "எழுதியது தவறு" என்று அதே பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. அதைப் படிக்கக் கோடார்டு உயிரோடு இல்லை. 1945-ம் ஆண்டே காலமாகிவிட்டார்.

அந்தக் கல்லூரியில்தான் 2007-ம் ஆண்டு ரோபோ என்ஜினீயரிங்குக்கு என்றே தனிப் பட்டப்படிப்பு தொடங்கினார்கள். பால் படித்தது அந்தப் படிப்பு.

அங்கே போய் ஏன் தோண்ட வேண்டும்?

நியாயமான கேள்வி. இங்கேயே தோண்டுவதற்கு இடம் இல்லையா?

தங்கம், வெள்ளிக்காக அல்ல. தண்ணீருக்காக!

சந்திரனின் துருவப் பகுதிகளில் வெயிலே படாத பெரும் பள்ளங்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கே இருட்டு. அந்த இருட்டுக் குளிரில் பனிக்கட்டி உறைந்து கிடக்கிறது. அந்தப் பனியை எடுத்தால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும். தண்ணீரைப் பிரித்தால் மூச்சுவிட ஆக்சிஜன் கிடைக்கும். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் ராக்கெட்டுக்கு எரிபொருள். ஒரு குடம் தண்ணீரைப் பூமியில் இருந்து சந்திரனுக்குத் தூக்கிப் போவது என்றால், செலவு கொஞ்சநஞ்சம் அல்ல. அங்கேயே கிடைத்தால் யார் விடுவார்கள்?

போட்டி நடந்த நேரமும் விசேஷமான நேரம். அதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்புதான், 2009-ம் ஆண்டு செப்டம்பரில், சந்திர மண்ணில் நீர் இருப்பதற்கான அடையாளம் தெரிகிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அதைக் காட்டிக் கொடுத்தது, நம் நாட்டுச் 'சந்திரயான்-1' சுமந்து சென்ற நாசாவின் கருவி. சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் யார் தெரியுமா? பொள்ளாச்சி பக்கத்தில் உள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை!

போட்டிக்கு 8 நாட்களுக்கு முன்பு இன்னொரு சம்பவம். அக்டோபர் 9-ந் தேதி நாசா ஒரு ராக்கெட்டின் மேல் பாகத்தைச் சந்திரனின் தென் துருவப் பள்ளம் ஒன்றில் வேண்டுமென்றே மோதவிட்டது. கிளம்பிய புழுதியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அந்த வேலையை முன்நின்று நடத்தியதும் அதே ஏம்ஸ் நிலையம்தான். "தண்ணீர் இருக்கிறது" என்ற செய்தி நவம்பர் 13-ந் தேதி வந்தது. ஆக, ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், ஒரு பக்கம் தண்ணீரைத் தேடினார்கள். மறுபக்கம் அதைத் தோண்டும் எந்திரத்தைத் தேடினார்கள்.

கண்ணாடித் தூள் மாதிரி மண்

சந்திரனில் காற்று கிடையாது. மழை கிடையாது. நம் ஆற்று மணல் உருண்டு உருண்டு மழுங்கிப் போகிறது அல்லவா? சந்திர மண்ணை உருட்டுவதற்கு அங்கே ஆறு ஏது? ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி போலக் கூர்மையாகவே இருக்கும். மாவு போல நைசாகவும் இருக்கும். பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தின் அச்சில் புகுந்தால் அரம் போல அராவிவிடும்.

1972-ம் ஆண்டு அப்போலோ-17ல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு, உடையில் ஒட்டிக்கொண்டு வந்த அந்தத் தூசியால் தும்மலும் மூக்கடைப்பும் வந்துவிட்டன. தூசி வெடிமருந்து போல வாடை அடித்ததாம். அதே பயணத்தில், அவர்கள் ஓட்டிய காரின் சக்கர மூடி ஒன்று உடைந்தது. அவ்வளவுதான்! சக்கரம் சுற்றச் சுற்ற இருவர் மேலும் தூசி மழை. கடைசியில், கையில் இருந்த வரைபடத் தாள்களை ஒட்டு நாடாவால் ஒட்டிச் சேர்த்து மூடி செய்துகொண்டார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துச் சந்திரனுக்குப் போன வண்டிக்கு, காகிதத்தில் மட்கார்டு!

மேலே உள்ள மண் மெத்தென்று இருக்கும். கொஞ்சம் கீழே போனால் இறுகிக் கிடக்கும். 1971-ம் ஆண்டு அப்போலோ-15ல் போன டேவிட் ஸ்காட் துளைக்கருவியால் துளைத்தார். நினைத்த ஆழத்துக்கு அது இறங்கவில்லை. இன்னொரு இடத்தில் இறங்கிய குழாய், வெளியே வர மறுத்தது. ஸ்காட்டும் கூடப் போன இர்வினும் தோள் கொடுத்துத் தூக்கி, படாத பாடு பட்டு அதை வெளியே எடுத்தார்கள்.

போட்டிக்கு உண்மையான சந்திர மண் கிடைக்குமா? கிடைக்காது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து எரிமலைச் சாம்பலை எடுத்து, அதே நயத்தில் தயாரித்த மண்தான் தொட்டியில் இருந்தது. (நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களின் பாறையும் சந்திர மண்ணுக்கு ஒத்துப் போகிறது. அதைப் பொடியாக்கி டன் கணக்கில் கொண்டுபோய்த்தான் நம் இஸ்ரோ விஞ்ஞானிகள் சந்திரயான் கலங்களைச் சோதித்தார்கள்.)

80 கிலோ

போட்டியில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. எந்திரத்தின் எடை 80 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பாட்டரியும் அதற்குள் அடக்கம். வெளியில் இருந்து கம்பி போட்டு மின்சாரம் கொடுக்கக் கூடாது.

இதில் என்ன கஷ்டம்? கடப்பாரையால் குழி தோண்டுகிறவரைப் பாருங்கள். தன் உடல் எடையையும் சேர்த்துத்தான் குத்துகிறார். எடை இருந்தால்தான் மண்ணுக்குள் இறங்கும். நம் ஊர் பொக்லைன் எந்திரம் டன் கணக்கில் கனப்பது அதற்காகத்தான். சந்திரனிலோ ஈர்ப்பு சக்தி பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. 80 கிலோ எந்திரம் அங்கே போனால், இங்கே 13 கிலோ சாமான் எப்படிக் கனக்குமோ அவ்வளவுதான் கனக்கும். பெரிய வாளியைக் கொண்டு மண்ணை அழுத்தினால் மண் இறங்காது. எந்திரம்தான் மேலே எழும்பும்!

இன்னொரு தொல்லை, தாமதம். பூமியில் இருந்து ரேடியோ மூலம் "நில்" என்று சொன்னால், அது சந்திரனுக்குப் போய்ச் சேர ஒன்றேகால் விநாடி ஆகும். நின்றதா, இல்லையா என்ற செய்தி திரும்பி வர இன்னொரு ஒன்றேகால் விநாடி. பிரேக் போட்டு இரண்டரை விநாடி கழித்துத்தான் வண்டி நின்றது தெரியும் என்றால், எந்த டிரைவர் சம்மதிப்பார்? போட்டியிலும் இப்படிச் செய்தி தாமதித்தே போகும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அரிசி ஆலை வித்தை

பாலும் கூட்டாளிகளும் கொண்டுவந்த எந்திரத்தின் பெயர் 'மூன்ரேக்கர் 2.0.' சந்திரனை வாருவது என்று பொருள் கொள்ளலாம். ஜேம்ஸ் பாண்ட் சினிமாப் படம் ஒன்றுக்கும் இந்தப் பெயர் உண்டு.

அரிசி ஆலைக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கீழே கொட்டிய நெல்லை மேலே ஏற்றுவதற்கு, பட்டையில் சின்னச் சின்ன வாளிகள் கோத்து ஓடிக்கொண்டே இருக்கும். மூன்ரேக்கர் செய்ததும் ஏறத்தாழ அதுதான். சங்கிலியில் வரிசையாகக் கோத்த சிறு வாளிகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் மண்ணைச் சுரண்டும். மேலே கொண்டுபோய்க் கொட்டும். பின்னாலேயே அடுத்த வாளி. ஒரே அடியாக அழுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிப்பதால், எந்திரம் எழும்பாது. சங்கிலி நிற்காத வரையில் மண் வந்துகொண்டே இருக்கும்.

150 கிலோவை 30 நிமிடத்தில் அள்ள வேண்டும் என்றால், நிமிடத்துக்கு 5 கிலோ. கேட்பதற்கு எளிதுதான். ஆனால், போய்த் தோண்டி, திரும்பி வந்து, கொட்டி, மறுபடி போகும் நேரமும் அதற்குள் அடங்க வேண்டும்.

மூன்ரேக்கர் எவ்வளவு அள்ளியது? 400 கிலோவுக்கும் மேல்!

தன் எடையைப் போல 5 மடங்குக்கு மேல் அள்ளிக் கொட்டிவிட்டது. முதல் பரிசு 5 லட்சம் டாலர் பால் குழுவுக்கு. மூன்று ஆண்டும் விடாமல் வந்து முயன்ற 'டெரா என்ஜினீயரிங்' குழு சுமார் 270 கிலோ அள்ளி, 1½ லட்சம் டாலர் வாங்கியது. அவர்களுடைய பொறுமைக்கும் ஒரு சபாஷ் போட வேண்டும். புதிதாக வந்த 'பிரவுண்டோ' குழுவுக்கு 263 கிலோவுக்கு 1 லட்சம் டாலர்.

ஒரு கணக்குப் பாருங்கள். 1969 முதல் 1972 வரை சந்திரனில் இறங்கிய 12 பேரும் சேர்ந்து பூமிக்குக் கொண்டுவந்த கல்லும் மண்ணும் மொத்தம் 382 கிலோ. அதைவிட அதிகமான மண்ணை இந்த மாணவரின் எந்திரம் அரை மணி நேரத்தில் அள்ளிவிட்டது. இது பூமியில் நடந்தது, அது சந்திரனில் நடந்தது. இரண்டையும் ஒப்பிடுவது நியாயம் அல்ல. இருந்தாலும் கணக்கு மலைக்கத்தான் வைக்கிறது.

குழுத் தலைவர் பாடு

மறு ஆண்டே, 2010 மே மாதத்தில், நாசா மாணவர்களுக்கு என்றே தனிப் போட்டி தொடங்கியது. 'லூனபாட்டிக்ஸ்' என்று பெயர். இடம், புளோரிடாவில் கென்னடி விண்வெளி நிலையம். முதல் ஆண்டில் வென்ற மோன்டானா மாணவர்கள் அள்ளியது 20 கிலோ சொச்சம்தான். அடுத்த ஆண்டு கனடாவில் சட்பரி என்ற சுரங்க ஊரில் இருந்து வந்த லாரன்ஷியன் பல்கலைக்கழக மாணவர்கள் 200 கிலோவுக்கு மேல் அள்ளிவிட்டார்கள். சுரங்க ஊர்ப் பிள்ளைகள் அல்லவா! அதே 2011-ல் வங்காள தேசத்தில் இருந்துகூட, 'சந்திரபாட்' என்று பெயர் சூட்டிய எந்திரத்துடன் மாணவர்கள் வந்தார்கள். பிற்பாடு இந்தப் போட்டி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

இந்த மாதிரிக் குழுவுக்குத் தலைவராக இருப்பது எப்படிப்பட்ட வேலை? கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் படும் பாடுதான்.

மோட்டார் வேலை பார்க்கும் மாணவர், "பெரிய மோட்டார் வேண்டும்" என்பார். மின்சார வேலை பார்ப்பவர், "அப்படியானால் பாட்டரியும் பெரிதாக வேண்டும்" என்பார். சட்டம் செய்பவர், "இவ்வளவையும் தாங்க, தடித்த தகடு வேண்டும்" என்பார். எல்லோர் சொல்வதும் நியாயம்தான். எல்லோருக்கும் சரி என்று தலையாட்டினால் எந்திரம் 100 கிலோவைத் தாண்டும். மாணவர் போட்டியிலும் அதே 80 கிலோ வரம்புதான் வைத்தார்கள். அதற்கு உட்பட்டிருந்தாலும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் மார்க் குறையும். ஆகவே தலைவர் தராசும் கையுமாக நின்று, நண்பனிடமே "முடியாது" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் நண்பன் மறுநாள் வேலைக்கு வர வேண்டும்! இந்த இரண்டாவது காரியம்தான் முதல் காரியத்தைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்திரம் செய்தால் மட்டும் போதாது. வேலை எப்படி நடந்தது, பணம் எப்படிச் செலவாயிற்று என்று அறிக்கை எழுத வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சிறுவர்களுக்கு எந்திரத்தைக் காட்டி விளக்க வேண்டும். இதற்கெல்லாம் மார்க் உண்டு. கல்லூரிப் பரீட்சையும் குறுக்கே வந்து நிற்கும். அனுபவம் பெற்ற மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, அச்சில் தூசி புகாமல் உறை போடுவதில் இருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும்.

போட்டி நாளில் மண் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் வெள்ளை உடையும் முகமூடியும் அணிய வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. எந்திரத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஓட்டுகிறவர் வேறு ஒரு அறையில் உட்கார்ந்திருப்பார். எந்திரத்தை நேரில் பார்க்க முடியாது. எந்திரத்தின் கேமரா காட்டும் படம்தான் அவருக்குக் கண். தூசி மூடினால் அந்தக் கண்ணும் போச்சு. ஒரு சங்கிலி கழன்றாலும், ஒரு கம்பி அறுந்தாலும், ஓடிப்போய்ச் சரிசெய்ய வழி இல்லை. ஒரு வருஷ உழைப்பு, மண்ணில் நின்றது நின்றபடி!

நாளாக நாளாக நாசா பரீட்சையைக் கடினமாக்கியது. மேல் மண்ணுக்கு மார்க் இல்லை. ஓர் அடி ஆழத்தில் பனிக்கட்டிக்குப் பதிலாகப் புதைத்து வைத்த ஜல்லியை எடுத்தால்தான் மார்க் என்றார்கள். ஆள் ஓட்டாமல் எந்திரம் தானே ஓடினால் கூடுதல் மார்க் என்றார்கள். 2024-ம் ஆண்டு போட்டியில் மண்ணை அள்ளினால் மட்டும் போதாது, அதைக் கொண்டு கரை எழுப்ப வேண்டும் என்று மாற்றினார்கள். சந்திரனில் ராக்கெட் இறங்கும்போது புழுதியும் கல்லும் குண்டு போலப் பறக்கும் அல்லவா? அதைத் தடுக்கும் வரப்பு அது. அலபாமா பல்கலைக்கழக மாணவர்கள் இந்தப் போட்டியில் பல தடவை முதல் பரிசைத் தட்டிச் சென்றிருக்கிறார்கள்.

நாசாவின் என்ஜினீயர்களும் சும்மா இருக்கவில்லை. முன்னும் பின்னும் இரண்டு உருளைகள் கொண்ட 'ரேசர்' என்ற எந்திரத்தைக் கென்னடி நிலையத்தில் செய்திருக்கிறார்கள். இரண்டு உருளைகளும் எதிர் எதிராகச் சுற்றும். ஒன்று இழுக்கும் இழுப்பை மற்றது சரிக்கட்டிவிடும். அதனால் எடை குறைந்த எந்திரமும் நின்ற இடத்தில் நின்று தோண்டும்.

மூன்ரேக்கர் தலைவர் பால் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா?

அவர் எந்திரங்களை விடவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பாட்டில்பாட்ஸ்' என்று ஒரு போட்டி உண்டு. நம் ஊர் ஆட்டுக்கிடாச் சண்டை போல, அங்கே எந்திரத்துக்கும் எந்திரத்துக்கும் சண்டை! 2015, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் அதில் சாம்பியன் பட்டம் பெற்ற எந்திரம் 'பைட் போர்ஸ்.' அந்தக் குழுவின் தலைவர், பால் வென்டிமிலியா. இங்கே சந்திரன் அளவுத் தாமதம் எல்லாம் கிடையாது. எதிரியைக் கண்ணால் பார்த்தே முட்டவிடலாம்.